அப்படி என்ன இருக்கு அங்கே

கேட்பது என் அக்கா. வெள்ளிக்கிழமைதோறும்.
கோயிலிலிருந்து வந்த கையோடு,
செருப்பைக் கழற்றும்முன் கேட்டுவிடுவாள்.

சொல்லத் தெரியவில்லை.
ஓவன் ரோட்டில், டயர்க் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
ஒரு கதவு. ‘தள்ளு’ என்று எழுதியிருக்கும்;
இழுத்தால்தான் திறக்கும்.
புதிதாய் யாரும் வந்தால்
அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்போம்.
இரண்டாவது தள்ளலுக்குப் பிறகுதான்
யாராவது எழுந்துபோய்த் திறந்துவிடுவது.
அது சட்டம்.

உள்ளே பெரிதாய் ஒன்றுமில்லை, அக்கா.
பதினோரு ஸ்டூல். ஒன்று ஆடும்.
அதன் காலடியில் மடித்துச் செருகிய டோட்டோ சீட்டு
கடைக்காரர் பூன் கியாட்டினுடையது.
பரிசு விழுந்ததா என்று பார்க்கவே இல்லை;
எடுத்தால் ஸ்டூல் ஆடுமே என்கிறார்.
சுவரில் டிவி, சத்தமில்லாமல் பந்தாட்டம்.
ரிமோட் தொலைந்து மூன்று உலகக் கிண்ணம் ஆயிற்று.
மாரிவிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துவாள்,
நான் நெத்திலியைப் பொறுக்கிவிட்டுக்
கடலையை விட்டுவைப்பேன் என்று தெரியும்.
தெரிந்ததைச் சொல்லிக்காட்ட மாட்டாள்.

போன மாதம் ஆபீஸில் கூட்டிப்போனார்கள்,
மரினா பே பக்கம், நாற்பத்து மூன்றாவது மாடி.
ஒரு பியர் இருபத்தாறு வெள்ளி.
கண்ணாடிக்கு வெளியே கடல் நிறையக் கப்பல் விளக்கு,
உள்ளே எல்லாரும் கப்பலுக்கு முதுகைக் காட்டி
கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி.
வெய்ட்டர் மூன்று முறை வந்து
எல்லாம் சரியா மேடம் என்றான்.
எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல்.

ஜனவரி மழை ஞாபகம் இருக்கா,
உன் துணியெல்லாம் மூங்கிலோடு நனைந்த அன்று?
கால்வாய் நிறைந்து, ரோடு ஏறி,
கதவுக்கடியில் எட்டிப் பார்த்தது தண்ணீர்.
கரண்ட் போனது. குளிர்பெட்டி நின்றபோதுதான்
இத்தனை வருடம் அது உறுமியது காதில் விழுந்தது.
சூடாகும்முன் குடிச்சுத் தீருங்க,
கணக்கு எழுத பேனா தெரியலை என்றார் பூன் கியாட்.
ஒன்பது பேர், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு,
படகில் ஏறிவிட்டவர்கள் மாதிரி.
கப்பலில் எஞ்சின் பார்த்த ஜஸ்விந்தர் சொன்னார்,
இதைவிடப் பெரிய தண்ணியில்
இதைவிட மோசமான பியர் குடிச்சிருக்கேன்.
சிரித்தோம்.
பிறகு யாரும் பேசவில்லை.
மழை மட்டும்.

அந்த இருட்டில், ஏனென்று தெரியாது,
பக்கத்திலிருந்த அவரிடம் ஒன்றைச் சொன்னேன்.
உன்னிடம் சொல்லாதது,
விவாகரத்து வக்கீலிடம்கூடச் சொல்லாதது.
நீளமில்லை. மூன்று வாக்கியம் இருக்கும்.
அவர் உம் என்றார்.
தாடியைத் தடவும் ஓசை.
தன் கிளாசை என் கிளாசில்
லேசாய் ஒருமுறை முட்டிவிட்டு வைத்தார்.

அடுத்த வெள்ளி, போகவே கூச்சம்.
வாசலில் நின்றேன். நின்றுவிட்டு,
ஊருக்குப் புதியவள் போலக் கதவைத் தள்ளினேன்.
தள்ளினேன்.
எழுந்து வந்து திறந்தவர் அவர்தான்.
லிவர்பூல் ரெண்டு கோல், நீ விட்டுட்ட லா என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
இன்றுவரை அவ்வளவுதான்.

நீ கேட்கும்போதெல்லாம்
பியர் மலிவு என்கிறேன், பஸ் நேராகப் போகிறது என்கிறேன்.
இரண்டும் பொய். ஒரு பஸ் மாற வேண்டும்.
பன்னிரண்டு வெள்ளியைப் போன வாரம்
பதின்மூன்று ஆக்கிவிட்டார்.

வேண்டுமானால் ஒருநாள் வா.
லைம் ஜூஸும் உண்டு.
கதவை இழுக்க வேண்டும் என்பதை மட்டும்
உனக்கு நான் சொல்ல மாட்டேன்.